காரணம் சரி, முடிவும் சரிதானா?

வாசகர் கேள்வி – பதில்

பேச்சில் தர்க்கம் எந்த இடத்தில் வழுக்குகிறது என்று கேட்டு குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். பிழைகளின் பெயர்ப் பட்டியல் கேட்டு எழுதியவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். பெயர் தெரியாமலே பிழையைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒருவர் சொல்லும் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். கொஞ்சம் இடம் விட்டு, அவர் எடுத்த முடிவைக் கீழே எழுதுங்கள். மேல் வரியிலிருந்து கீழ் வரிக்கு வர அவர் சொல்லாமல் விட்டது என்ன என்று யோசித்து, அதை நடுவில் எழுதுங்கள். பத்தில் எட்டு வாதங்களில் கோளாறு அந்த நடு வரியில்தான் உட்கார்ந்திருக்கும்.

நல்ல தேன் தண்ணீரில் கரையாமல் அடியில் போய் உட்காரும் என்கிறார்கள். வீட்டுக்கு வந்து விற்றவர் டம்ளரில் விட்டுக் காட்டினார். அப்படியே அடியில் போய் நின்றது. ஒரு கிலோ வாங்கிவிட்டேன். ‘அது வெறும் பாகு’ என்கிறார் மைனி (அண்ணி). சோதனை தப்பா, மைனி தப்பா?
– இல்லத்தரசி, மார்த்தாண்டம்

சோதனையில் பார்த்தது உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் நிற்காது. எழுதிப் பாருங்கள்: நல்ல தேன் அடியில் போகும்; இது அடியில் போனது; ஆகவே இது நல்ல தேன். நடுவில் விடுபட்ட வரி, “நல்ல தேன் மட்டும்தான் அடியில் போகும்” என்பது. அது பொய். தேனின் அடர்த்தி தண்ணீரைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு. கம்பிப் பதத்துக்குக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் கருப்பட்டிப் பாகும் அந்த அளவை நெருங்கிவிடும். அவையும் அடியில்தான் போகும், கலக்காமல் விட்டால் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கவும் செய்யும்.

ஒரு சோதனையின் தரத்தை அறிய ஒரே கேள்வி போதும்: பொருள் கலப்படமாக இருந்தாலும் இதே விடை வருமா? வரும் என்றால் அந்தச் சோதனையில் தேறியதற்கு மதிப்பில்லை. தோற்றால் மட்டும் கொஞ்சம் மதிப்பு உண்டு. விட்ட உடனே கரைந்து பரவினால் தண்ணீர் அதிகம் என்று சொல்லலாம். ஆனால் அங்கேயும் அவசரப்படக் கூடாது. யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கலாம். ஈக்கள் மெழுகு மூடி போடாத அடையிலிருந்து அவசரமாக எடுத்த பச்சைத் தேனாகவும் இருக்கலாம். தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்புத் தர விதி. பச்சைத் தேன் அதைத் தாண்டிவிடும்.

இதே பிழையின் இன்னொரு முகத்தை உங்கள் ஊரில் அடிக்கடி கேட்கலாம்: “தேன் உறைஞ்சு போச்சு, சீனி கலந்திருக்கான்.” ரப்பர் மரத்தின் தளிர் இலைக் காம்பில் ஊறும் இனிப்பு நீரிலிருந்து ஈக்கள் சேர்க்கும் தேன் கலப்படமே இல்லாமல் சீக்கிரம் உறையும். குளுக்கோஸ் கூடுதலாக இருக்கும் எந்தத் தேனும் அப்படித்தான். உறைவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஆய்வகத்தில் ஈரம், சர்க்கரை வகைகளின் விகிதம், கார்பன் ஐசோடோப்பு விகிதம் (எடை வேறுபட்ட கார்பன் அணு வகைகள் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பது) ஆகியவற்றைப் பார்ப்பார்கள். ஐசோடோப்புச் சோதனை கரும்புச் சர்க்கரையையும் மக்காச்சோளப் பாகையும் காட்டிக்கொடுக்கும், அரிசிப் பாகை விட்டுவிடும். அதனால்தான் அங்கேயும் ஒரே சோதனையோடு நிறுத்துவதில்லை.

மைனி சொன்னது சரியா என்றால், அதுவும் இந்த டம்ளரிலிருந்து தெரியாது. உங்கள் காரணம் விழுந்துவிட்டதால் தேன் பாகாகிவிடாது.

காய்ச்சல் காலத்தில் இதே வடிவம் ஆபத்தாகிவிடும். டெங்கு என்றால் காய்ச்சலும் உடல்வலியும் வரும், இவனுக்கு இரண்டும் இருக்கிறது, ஆகவே டெங்கு. எலிக்காய்ச்சலுக்கும் அதே இரண்டும் உண்டு, மருந்து வேறு.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் வந்த பிறகு மழை குறைந்துவிட்டது; றெக்கை சுற்றி மேகத்தை விரட்டுகிறது என்று டீக்கடையில் எல்லாரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். காலேஜில் படிக்கும் மகன் ‘அப்பா, இது தர்க்கப் பிழை’ என்று சிரிக்கிறான். கண்ணால் கண்டதைச் சொன்னால் பிழையா?
– நெல் விவசாயி, தோவாளை

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் ஆட்கள் சொல்லிவைத்தது இந்தப் பிழையைத்தான். ஒன்றுக்குப் பின் இன்னொன்று நடந்தால் முதலாவதால்தான் இரண்டாவது நடந்தது என்று எடுத்துக்கொள்வது. ஆனால் மகன் பெயர் சொல்லிச் சிரித்ததோடு வேலை முடியவில்லை. காக்கை உட்கார்ந்ததால் பழம் விழவில்லை என்பதையும் யாராவது காட்ட வேண்டும். நீங்கள் இருவரும் உட்கார்ந்து பார்க்க வேண்டியவை இவை.

மழை குறைந்ததா என்பதை முதலில் பாருங்கள். எல்லாரும் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சிறுவயதில் பெய்த பெருமழை நினைவில் நிற்கும், சாதாரண மழை நிற்காது. அதனால் பழைய காலம் எப்போதும் ஈரமாகத் தெரியும். மழைமானிப் பதிவில் காற்றாலைகளுக்கு முந்தைய பத்தாண்டுச் சராசரியையும் பிந்தைய பத்தாண்டுச் சராசரியையும் எடுத்துப் பாருங்கள். ஒரு நல்ல வருடத்தை ஒரு வறண்ட வருடத்தோடு ஒப்பிட்டால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம்.

குறைந்ததென்று வைத்துக்கொள்வோம். அதே ஆண்டுகளில் காற்றாலையே இல்லாத விளவங்கோடு, கல்குளம் பக்கமும் குறைந்ததா? அங்கேயும் குறைந்திருந்தால் காரணம் இரண்டு இடத்துக்கும் பொதுவான ஒன்று. பருவமழையே பலவீனமாக வந்திருக்கலாம். இந்த ஒப்பீடு இல்லாமல் “அதுக்குப் பிறகுதான் ஆச்சு” என்பது பாதி வாக்கியம்.

மூன்றாவதாக, திசை. காற்றாலை நிற்கும் இடத்தில் மழை குறைவு என்பது உண்மைதான். ஆனால் எது எதைக் கொண்டுவந்தது? மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் தறுவாயில் ஆரல்வாய்மொழியில் ஒரு கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில், பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் ஏறும்போது ஈரத்தைக் கொட்டிவிட்டு, கணவாய் வழியாகக் கிழக்கே காய்ந்து போய், வேகமாக வருகிறது. அந்த வேகத்துக்காகத்தான் காற்றாலை வைத்தவர்கள் முப்பந்தலைத் தேர்ந்தெடுத்தார்கள். காற்றாலைக்கு முன்பும் அது மழை குறைந்த பக்கம்தான். மருத்துவமனையில் நோயாளிகள் அதிகம் என்பதால் மருத்துவமனை நோயை உண்டாக்குகிறது என்று யாரும் சொல்வதில்லை. இங்கே மட்டும் சொல்லிவிடுகிறோம்.

கடைசியாக, எப்படி விரட்டும் என்று கேளுங்கள். வீட்டு மின்விசிறியை மனதில் வைத்துத்தான் இந்தப் பேச்சு வருகிறது. விசிறி மின்சாரத்தை எடுத்துக் காற்றைத் தள்ளும். காற்றாலை காற்றிலிருந்து சக்தியை எடுத்து மின்சாரம் தரும். அதன் பின்னால் காற்று கொஞ்சம் தளர்ந்துதான் போகும், எதையும் தள்ளாது. பழைய காற்றாலைகளின் கோபுரம் 30 முதல் 50 மீட்டர், புதியவை 100 மீட்டரைத் தாண்டும். மழை மேகத்தின் அடிப்பாகம் பெரும்பாலும் பல நூறு மீட்டருக்கு மேலே இருக்கும்.

மகனுக்கும் ஒரு வார்த்தை. பெரிய காற்றாலைத் தொகுதிகள் தரையை ஒட்டிய காற்றைக் கலக்கி, அந்த இடத்தின் இரவு வெப்பநிலையைச் சற்று மாற்றுகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. “டீக்கடை வாதம் தப்பு, ஆகவே காற்றாலையால் எந்த மாற்றமும் கிடையாது” என்று அவர் முடித்தால் அதுவும் தாவல்தான்.

‘காத்தும் இல்ல, மழையும் இல்ல, கடலு கண்ணாடி போல கிடக்கு, பிறகு என்ன எச்சரிக்கை?’ என்று கடற்கரையில் சுற்றுலா வருகிறவர்களும் சொல்கிறார்கள், நம் ஆட்களும் சொல்கிறார்கள். எங்கே பிழை?
– ஆசிரியை, குளச்சல்

காற்றடித்தால் கடல் சீறும், இன்று காற்றில்லை, ஆகவே கடல் சீறாது. நடு வரி: “காற்று ஒன்றுதான், அதுவும் இங்கே அடிக்கிற காற்றுதான், கடலைச் சீற வைக்கும்.” தேன் கதையைத் தலைகீழாகப் பிடித்தால் இது வரும். இந்த மாவட்டத்தில் இதற்கு உயிர் விலை கொடுத்திருக்கிறோம் என்பதால் விவரமாகச் சொல்ல வேண்டும்.

கள்ளக்கடல் என்று மீனவர்கள் பெயர் வைத்திருப்பதே அது சொல்லாமல் வருவதால்தான். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில், தென் இந்தியப் பெருங்கடலில் அடிக்கும் புயல்காற்றில் நீண்ட அலைகள் பிறக்கின்றன. அவை நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரையில் ஏறுகின்றன. இங்கே இலை அசையாது, வானம் வெளுத்திருக்கும், அலை மட்டும் திடீரென்று உயரும். ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். அந்தத் தொலைதூரக் காற்றைக் கணித்துத்தான் ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் சேவைக்கான தேசிய மையமான இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. 2024 மே மாதத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் இறந்தது இப்படிப்பட்ட எச்சரிக்கை நடப்பிலிருந்த நேரத்தில்தான்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு வாதம்: “போன மூணு தடவையும் சொன்னாவ, ஒண்ணும் நடக்கல.” எச்சரிக்கை விடும்போது ஆபத்துக்கு 30 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முறையும் ஒன்றும் நடக்காமல் போக 0.7 × 0.7 × 0.7, அதாவது சுமார் 34 சதவீத வாய்ப்பு. மூன்றில் ஒரு பங்கு நேரம் அப்படித்தான் ஆகும். எச்சரிக்கை பொய் என்று அதிலிருந்து வராது. நான்காம் தடவையும் அதே 30 சதவீதம் காத்துக்கொண்டிருக்கும்.

குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் தம்பிக்குப் பெண் பார்க்கும் பேச்சு. ‘இத்தனை பவுன் என்று கேட்க வேண்டாம்’ என்றேன். சித்தப்பா: ‘உனக்க கல்யாணத்துக்கு ஒங்கப்பா போட்டாருல்லா? அப்ப வாய மூடிட்டுத்தானே இருந்த?’ அத்தை: ‘அப்ப அந்தப் புள்ள வெறுங்கழுத்தோடயா வரணும்?’ மாமா: ‘ஊர்ல எல்லாரும் வாங்குதாவ, நாம மட்டும் என்ன?’ எனக்குப் பதில் வரவில்லை.
– வங்கி ஊழியர், தக்கலை

மூன்றும் மூன்று வேறு பிழைகள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் பதில் சொல்லப் போனதால்தான் வாய் அடைத்திருக்கிறது. ஒவ்வொன்றாக எடுங்கள், எளிதானதிலிருந்து தொடங்குங்கள்.

அத்தை சொன்னது நீங்கள் சொன்னதே இல்லை. ‘கேட்க வேண்டாம்’ என்பதை ‘போடக் கூடாது’ என்று மாற்றி, அதை அடித்திருக்கிறார். இதற்கு விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் நீங்கள் சொல்லாத ஒன்றுக்காக இரவு முழுக்க வாதாட வேண்டியிருக்கும். உங்கள் முதல் வாக்கியத்தை அப்படியே திரும்பப் போடுங்கள்: “அத்தை, அவிய மகளுக்கு அவிய விருப்பப்பட்டுப் போடட்டும். நாம கணக்குச் சொல்லிக் கேக்காண்டாம், அவ்வளவுதான்.” அதற்கு மேல் ஒரு வரி சேர்க்காதீர்கள்.

மாமா சொன்னது எண்ணிக்கை. எத்தனை பேர் செய்கிறார்கள் என்பது வழக்கம் என்ன என்பதைச் சொல்லும், சரியா என்பதைச் சொல்லாது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி கேட்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். எல்லாரும் செய்வதால் அது குற்றமில்லாமல் ஆகிவிடவில்லை. ஆனால் ‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்பது எப்போதும் வெறும் பேச்சு இல்லை. சாலையில் எந்தப் பக்கம் ஓட்டுவது என்பதற்கு எல்லாரும் ஓட்டும் பக்கம் என்பதே முழுக் காரணம்.

சித்தப்பா சொன்னதுதான் வலிக்கிறது, அதனால் அதுவே பலமான வாதம் போலத் தெரிகிறது. நடு வரியை எழுதுங்கள்: “ஒரு காலத்தில் வாங்கியவர் சொன்னால் அது தப்பாகிவிடும்.” புகை பிடிக்கும் மருத்துவர் புகை கெடுதல் என்றால் புகை நல்லதாகிவிடுமா? உங்கள் நடத்தை உங்களைப் பற்றிய செய்தி, நகை கேட்பதைப் பற்றிய செய்தி இல்லை. மறுக்கவும் வேண்டாம், சப்பைக்கட்டுக் கட்டவும் வேண்டாம்: “ஆமா சித்தப்பா, அன்னைக்கு நடந்தது தப்புதான். தம்பிக்கும் அதே தப்பு நடக்கணுமா?” ஒத்துக்கொண்ட பிறகு அந்தக் கத்திக்கு முனை இருக்காது.

ஆளைப் பற்றிப் பேசுவது எல்லா நேரமும் பிழை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் சொல்வதை நம்புவதற்கு அவர் வார்த்தை ஒன்றுதான் ஆதாரம் என்றால், அவர் எப்படிப்பட்டவர் என்பது வழக்கின் மையம். சாட்சிக் கூண்டில் நிற்பவர் முன்பு பொய்ச் சாட்சி சொன்னவரா என்று வக்கீல் கேட்பது நியாயமானது. தரகர் ‘இந்த இடத்துல வில்லங்கம் இல்ல’ என்றால் அவருக்கு எத்தனை சதவீதம் கமிஷன் என்று நீங்கள் கேட்பதும் நியாயமானது. ஆனால் வில்லங்கச் சான்றிதழ் கையில் வந்துவிட்டால் தரகர் யோக்கியரா இல்லையா என்பது தேவையற்ற பேச்சு.

கேரளா லாட்டரியில் முதல் பரிசு எண்ணின் கடைசி இலக்கம் 7 என்று வந்து 20 குலுக்கல் ஆகிவிட்டது, இனி வந்தே தீரும் என்று கூட்டாளி பணம் போடுகிறான். கணக்குப்படி சரிதானே?
– லாரி ஓட்டுநர், களியக்காவிளை

இல்லை. அடுத்த குலுக்கலிலும் 7 வர பத்தில் ஒரு வாய்ப்புதான். போன வாரம் என்ன வந்தது என்று இயந்திரத்துக்கு நினைவு கிடையாது.

20 முறை வராதது அதிசயம் போலத் தெரிவதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட இலக்கம் 20 குலுக்கலில் வராமல் போக 0.9ஐ 20 முறை பெருக்க வேண்டும்: சுமார் 12 சதவீதம். ஆனால் கூட்டாளி 7ஐ முதலிலேயே தேர்ந்தெடுக்கவில்லை. பழைய முடிவுகளைப் பார்த்து, வராத இலக்கம் எது என்று தேடி எடுத்தார். 0 முதல் 9 வரை பத்தில் ஏதாவது ஒன்றாவது 20 குலுக்கலில் விடுபட்டிருக்க வாய்ப்பு ஏறக்குறைய 78 சதவீதம். எந்த 20 குலுக்கலை எடுத்தாலும் பெரும்பாலும் ஒரு ‘வந்தே தீரும்’ இலக்கம் கிடைத்துவிடும்.

இந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது என்றால், அது சரியாக இருக்கும் இடமும் உண்டு. 20 பேர் சேர்ந்த குலுக்கல் சீட்டில், எடுத்தவர் பெயரை நீக்கிவிட்டு மாதந்தோறும் குலுக்கினால், 12 மாதம் வராதவருக்கு 13ஆம் மாதம் எட்டில் ஒரு வாய்ப்பு. முதல் மாதம் இருபதில் ஒன்றாக இருந்தது. அங்கே வந்த சீட்டு வெளியே போய்விடுகிறது. லாட்டரியில் எதுவும் வெளியே போவதில்லை. கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம்: தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனைக்கு 2003 முதல் தடை.

சர்க்கரை நோய்க்கு ஒரு பொடி. ‘முழுக்க இயற்கை, பக்கவிளைவே கிடையாது, நம்ம முன்னோர் சொன்னது தப்பாகுமா’ என்று கொழுந்தன் வற்புறுத்துகிறார். எப்படி மறுப்பது?
– ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, குலசேகரம்

உங்கள் வீட்டு மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளியை) வைத்தே பேசலாம். அது முழுக்க இயற்கை. அதில் சயனைடை வெளிவிடும் பொருளும் இயற்கையாகவே இருக்கிறது, கசப்பு வகையில் அதிகம், தோலில் அதைவிட அதிகம். அதனால்தான் தோலுரித்து, நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறோம். அரளி விதையும் எட்டிக்காயும் ஒதளங்காயும் இயற்கைதான்.

முன்னோர் வாதத்துக்கும் அதே கிழங்கு உதவும். மரச்சீனி நம் மண்ணில் பிறந்ததில்லை, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரப்பியவர். நமக்கு அது பாரம்பரியமாகி நூற்றைம்பது வருடம்கூட முழுதாக ஆகவில்லை. பழையது என்பதால் நல்லதும் இல்லை, வந்தது என்பதால் கெட்டதும் இல்லை.

சித்த மருத்துவத்தை மறுக்க இதைச் சொல்லவில்லை. பதிவு பெற்ற சித்த மருத்துவர் அளவும் பத்தியமும் சொல்லித் தருவது வேறு, டப்பாவில் ‘இயற்கை’ என்று எழுதியிருப்பது வேறு. கொழுந்தனிடம் மூன்று கேளுங்கள்: டப்பாவில் தயாரிப்பு உரிம எண் இருக்கிறதா, ஒரு வேளைக்கு எத்தனை கிராம், இப்போது சாப்பிடும் மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடாதா? மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாதவர் சொல்லி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

‘எங்கள் மையத்தில் படித்த 40 பேர் மருத்துவச் சீட் பெற்றார்கள்’ என்று போஸ்டர். மகளைச் சேர்க்கலாமா?
– பெற்றோர், நாகர்கோவில்

40 என்பது மேல் எண். கீழ் எண்ணைக் கேளுங்கள்: எத்தனை பேர் சேர்ந்தார்கள்? 80 பேரில் 40 என்றால் பெரிய விஷயம், 1,200 பேரில் 40 என்றால் மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல். அந்த 40 பேர் முழு வருடம் படித்தவர்களா, கடைசி மாதம் மாதிரித் தேர்வு மட்டும் எழுதியவர்களா என்பதையும் கேளுங்கள். நுழைவுத் தேர்வு வைத்து நன்றாகப் படிப்பவர்களை மட்டும் சேர்த்திருந்தால் சீட் வாங்கித் தந்தது மையமா, அந்தப் பிள்ளைகளின் பழைய படிப்பா என்று பிரிக்க முடியாது. தேறாதவர்களின் படம் எந்தப் போஸ்டரிலும் இருக்காது.

“எனக்க தாத்தா தெனம் ரெண்டு கட்டு பீடி வலிச்சு தொண்ணூறு வயசு இருந்தாரு” என்பதும் இதே போஸ்டர்தான். அறுபதில் போனவர்கள் டீக்கடையில் வந்து பேசமாட்டார்கள்.

‘செல்போன் வாங்கிக் கொடுத்தா கேம் விளையாடுவான், மார்க் குறையும், கூட்டு கெடும், கடைசில ஊரை விட்டு ஓடுவான்’ என்கிறார் மாமனார். இது பிழைதானே?
– தாய், இரணியல்

ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று மாமனாரிடமே கேட்டு எழுதுங்கள். கேட்கும் விதத்தில் கேளுங்கள், சோதிப்பது போல வேண்டாம். நான்கு படி, ஒவ்வொன்றுக்கும் 80 சதவீதம் என்று தாராளமாகக் கொடுத்தாலும், நான்கும் வரிசையாக நடக்க 41 சதவீதம்தான். நேர்மையாக 50 என்று போட்டால் ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல். ஆனால் முதல் இரண்டு படி மட்டும் என்றால், ஒவ்வொன்றுக்கும் 80 போட்டால் 64 சதவீதம் வரும். அதாவது, கேம் விளையாடி மார்க் குறையும் என்ற பயத்தில் சாரம் இருக்கிறது. ஊரை விட்டு ஓடுவதில் இல்லை. பேச்சை அந்த இரண்டு படியில் நிறுத்தி, இரவு எத்தனை மணிக்கு போனை வாங்கி வைப்பது என்பதற்கு வந்துவிடுங்கள்.

சறுக்கு மரம் போல ஒன்று இன்னொன்றைத் தள்ளும் என்பது எப்போதும் கற்பனை இல்லை. குளத்துக் கரையில் நண்டு வளை வழியே கசியும் தண்ணீர் மண்ணை அரித்து, வளையை அகலமாக்கி, இன்னும் வேகமாக அரிக்கும். அங்கே ஒவ்வொரு படியும் அடுத்த படியைக் கட்டாயமாக்குகிறது. அந்தக் கட்டாயம் எங்கே என்று காட்டச் சொல்வதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும்.

தர்க்கப் பிழைகளின் பெயர்கள் 24 மனப்பாடம். பேசும்போது உடனே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவேன். இப்போது கூட்டுக்காரர்கள் ‘லே மக்கா, நீ பேசாத’ என்கிறார்கள்.
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், கருங்கல்

அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிழையான காரணம் சொன்னவரின் முடிவு சரியாக இருக்கலாம். ‘தாத்தா சொன்னார், அதனால் ராத்திரி அந்த ஆற்றில் இறங்காதே’ என்பது மோசமான வாதம், ஆனால் இறங்காமல் இருப்பதே நல்லது. ஒரு மாதம் பெயர்களைச் சொல்லாமல் இருந்து பாருங்கள். பிழை கண்ட இடத்தில் “அப்படியென்றால் இதுவும் உண்மையாக இருக்கணுமே, இருக்கா?” என்று நடு வரியைக் கேள்வியாகப் போடுங்கள். முடிந்தால் அவர் சொல்லவந்ததற்கு அவரைவிட நல்ல காரணம் ஒன்றை நீங்களே தேடிக் கொடுங்கள். அதன் பிறகும் விழுகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை.

இவையெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்கிறார் எங்கள் வகுப்பில் ஒருவர். தமிழில் உண்டா?
– முதுகலைத் தமிழ் மாணவி, சுசீந்திரம்

மணிமேகலையின் 29ஆம் காதையைக் காட்டுங்கள். அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த தர்க்கத்தைச் சொல்லும் இடம். பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்று வாதத்தின் உறுப்புகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வரும் போலிகளை எண்ணிக் காட்டுகிறார்: பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, எடுத்துக்காட்டுப் போலி 10. ‘இம்மலை நெருப்புடையது, புகையுடையதால், அடுக்களை போல’ என்பது அங்கே வரும் உதாரணம். புகை இருந்தால் நெருப்பு இருக்கும். நெருப்பு இருந்தால் புகை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகை எங்கே? இந்த மாவட்டத் தேன் டம்ளரில் வழுக்கியதும் அதே இடத்தில்தான். அந்தக் காதையை உரையில்லாமல் படிக்க வேண்டாம். கலைச்சொல் நெரிசலில் சலிப்பு வந்துவிடும்.

ஓடைப் புறம்போக்கை ஒருவர் வளைத்துவிட்டார் என்று புகார் சொன்னோம். ‘எழுத்தில் கொடுங்கள்’ என்றார்கள், கொடுத்தோம். ‘படம் வேண்டும்’ என்றார்கள், கொடுத்தோம். இப்போது ‘இது போதாது’ என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் எல்லைக் கோட்டை நகர்த்தினால் எப்படிப் பேசுவது?
– ஊராட்சி வாசகர், ராஜாக்கமங்கலம்

நகர்த்துகிறார்களா, உண்மையாகவே போதவில்லையா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். வேலி இருக்கிறது என்பதைப் படம் காட்டும், வேலி எந்தப் புல எண்ணில் நிற்கிறது என்பதைக் காட்டாது. இந்த ஒன்றில் அவர்கள் கேட்பது நியாயமாகவும் இருக்கலாம். ஆக்கிரமிப்புக்கு ஆதாரம் மூன்று: ‘அ’ பதிவேட்டில் அந்தப் புல எண் ஓடைப் புறம்போக்கு என்று இருப்பது, புல வரைபடம், வட்ட நில அளவர் அளந்து கொடுத்த அறிக்கை. மூன்றையும் ஒரே மனுவில் இணையுங்கள்.

அதைக் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள்: “எதைக் கொடுத்தால் ஆக்கிரமிப்பு என்று ஏற்றுக்கொள்வீர்கள்?” இதைத் தனியறையில் கேட்டுப் பயனில்லை. கிராம சபையில் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் அது கூடுகிறது. சொல்லும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகு வாசிக்கவும் சொல்லுங்கள். அடுத்த முறை புதிதாக ஒன்று கேட்டால் பழைய பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டு, புதிய நிபந்தனை ஏன் தேவைப்படுகிறது என்ற காரணத்தையும் அதே புத்தகத்தில் பதியக் கேளுங்கள்.